கிராமத்துக்குத் தீர்ப்பு சொல்ல யாருக்குத் தகுதி? மன்றோ கமிஷன் முதல் கிராம நியாயாலயம் வரை... தளவானூருக்கு ஏன் இன்னும் வரவில்லை?

விழுப்புரம் மாவட்டம், செஞ்சி தாலுகாவில் இருக்கும் தளவானூர் என்றாலே வரலாறு பிடித்தவர்களுக்கு மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரைக் கோயில்தான் ஞாபகம் வரும். 7-ம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்த சத்ருமல்லேஸ்வராலயம். ஆனால் இந்தக் கட்டுரை கோயிலைப் பற்றியது இல்லை. அந்த ஊரில் நிலம் வைத்திருக்கிற ஒருவருக்கு ஒரு தகராறு வந்தால், அதற்குத் தீர்ப்பு சொல்லப் போகிறவர் யார், அவர் என்ன வேலை பார்த்தவர், என்ன படித்தவர் என்பதைப் பற்றியது.

ஒரு உதாரணம் வச்சுக்கோங்க. அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு. முறை வைத்து மோட்டார் போட்டு இறைக்கிறார்கள். அப்பா இருந்தவரை சிக்கல் இல்லை. அவர் போன பிறகு, "இன்னைக்கு என் முறை", "இல்ல, என் முறை" என்று ஆரம்பித்து, ஒருநாள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டு விழுகிறது. பயிர் காய்கிறது. இப்போ எங்கே போவது?

வழி இரண்டுதான். ஒன்று, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசுவது. இரண்டு, செஞ்சிக்குப் போய் வக்கீலைப் பார்த்து நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. முதல் வழியில் யார் பக்கம் ஆள் பலம், சாதி பலம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பேச்சு சாயலாம். இரண்டாவது வழியில் பஸ் செலவு, வக்கீல் ஃபீஸ், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வேலை போச்சு. பயிர் எத்தனை நாள் காத்திருக்கும்?

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதன் பெயர் கிராம நியாயாலயம்.

100 ரூபாய் கட்டணம், 6 மாதத்தில் தீர்ப்பு

கிராம நியாயாலயங்கள் சட்டம் 2008-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2009 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சி ஒன்றியம் அளவில் ஒரு நீதிமன்றம் வைப்பதுதான் திட்டம். அதன் நீதிபதிக்குப் பெயர் நியாயாதிகாரி. அவர் ஒன்றியத் தலைமையிடத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. அவ்வப்போது கிராமங்களுக்கே வந்து, தகராறு நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விசாரணை நடத்த வேண்டும். நடமாடும் நீதிமன்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

என்னென்ன வழக்குகள் அங்கே போகலாம் என்ற பட்டியலைப் பார்த்தால், இதை எழுதியவர்கள் கிராமத்தைக் கொஞ்சம் தெரிந்தவர்கள் என்று தோன்றும். வாய்க்கால் தண்ணீரை யார், எந்த நேரத்தில் எடுப்பது என்ற தகராறு. கிணறு, ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை. பொது மேய்ச்சல் நிலம். வீடு, களத்து வீடு யார் கையில் இருப்பது. வாரத்துக்கு விட்ட நிலத்தில் பங்குத் தகராறு. கைமாற்று, வட்டிக் கடன். குறைந்தபட்சக் கூலி தரவில்லை என்ற புகார். கொத்தடிமைத் தடைச் சட்டம், குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், குடும்ப வன்முறைச் சட்டம், ஜீவனாம்சம் கூட உள்ளே வருகிறது. சின்னத் திருட்டு, 2 ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்களும் உண்டு.

சிவில் வழக்கு என்றால், கேட்கும் தொகை எவ்வளவாக இருந்தாலும் கட்டணம் 100 ரூபாயைத் தாண்டக் கூடாது. வழக்குப் போட்ட நாளில் இருந்து 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். விசாரணை மாநிலத்தின் ஆட்சி மொழியில் நடக்க வேண்டும், நம்ம ஊர் என்றால் தமிழில். வழக்கமான கோர்ட்டில் இருக்கும் சாட்சியச் சட்டக் கெடுபிடிகளும் இங்கே அப்படியே பொருந்தாது.

நம் அண்ணன்-தம்பி கிணற்று வழக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது, இல்லையா? சரி, அந்த நாற்காலியில் உட்காரப் போவது யார்?

நியாயாதிகாரி என்ன படித்திருக்க வேண்டும்?

சட்டத்தின் 6-வது பிரிவு இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறது. முதல் வகுப்பு ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டாக நியமிக்கப்படத் தகுதி உள்ளவர். சம்பளமும் அதே மாஜிஸ்திரேட் சம்பளம்தான். உயர் நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு மாநில அரசு நியமிக்கும். நியமனத்தில் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள் உள்ளிட்டோருக்குப் பிரதிநிதித்துவம் தர வேண்டும் என்ற வரியும் இருக்கிறது.

அதாவது சட்டம் படித்து, நீதித்துறைத் தேர்வில் வெற்றி பெற்றவர். இதில் இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. கல்லூரி முடித்த கையோடு நீதிபதி தேர்வு எழுதுவதை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் நிறுத்திவிட்டது. இனி குறைந்தது 3 ஆண்டு வக்கீலாக வேலை பார்த்திருந்தால்தான் கீழமை நீதிபதி பதவிக்கு வர முடியும்.

நல்ல விஷயம்தானே என்று தோன்றலாம். தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் முதலில் போட்ட வரைபடத்தில் அந்த மேடையில் ஒரு நாற்காலி இல்லை, மூன்று நாற்காலிகள் இருந்தன. இரண்டு எங்கே போச்சு?

தேசாய் கமிஷன்: ஒரு நீதிபதி, இரண்டு சாமானியர்கள்

கிராம நியாயாலயம் என்ற யோசனையை முழு வடிவத்தில் கொடுத்தது இந்திய சட்ட ஆணையத்தின் 114-வது அறிக்கை. ஆண்டு 1986. ஆணையத்தின் தலைவர் டி.ஏ.தேசாய். இந்தப் பெயர் உங்கள் வீட்டில் ஓய்வூதியர் யாராவது இருந்தால் தெரிந்திருக்கும். டிசம்பர் 17-ம் தேதியை ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்களே, அதற்குக் காரணமான 1982-ம் ஆண்டு நகாரா வழக்குத் தீர்ப்பை எழுதியவர் அவர்தான். பென்ஷன் என்பது பிச்சை இல்லை, உரிமை என்று நிறுவிய தீர்ப்பு அது. தொழிலாளர் வழக்குகளில் எளியவர் பக்கம் நின்றவர் என்று பெயர் எடுத்த உச்ச நீதிமன்ற நீதிபதி, ஓய்வு பெற்ற பிறகு சட்ட ஆணையத்துக்குத் தலைவரானார்.

அவர் போட்ட திட்டம் இதுதான். கிராம நீதிமன்றத்தில் சட்டம் படித்த ஒரு பஞ்சாயத்து நீதிபதி இருப்பார். அவரோடு சட்டம் படிக்காத இரண்டு பேர், பகுதி மக்களில் இருந்தே வந்து உட்காருவார்கள். மூன்று பேரும் சேர்ந்துதான் தீர்ப்பு. சட்டப் புத்தகம் ஒருவருக்குத் தெரியும், ஊர் நடப்பு மற்ற இருவருக்குத் தெரியும். கிணற்று முறை என்றால் என்ன, பங்காளிகள் எப்படிப் பிரித்துக்கொள்வார்கள், எந்தக் கையெழுத்து உண்மையானது, எது மிரட்டி வாங்கியது என்பதெல்லாம் பக்கத்து ஊர்க்காரருக்கு ஒரு பார்வையில் புரியும் என்பது இதன் உள்கருத்து.

22 ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் சட்டம் போட்டபோது, பெயர் அப்படியே வந்தது. ஊருக்கு வரும் கோர்ட், குறைந்த கட்டணம் எல்லாம் வந்தது. இரண்டு சாமானியர்கள் மட்டும் வரவில்லை.

அவர்களுக்குப் பதிலாக சமரசம் செய்பவர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. மாவட்ட ஆட்சியரைக் கலந்துகொண்டு மாவட்ட நீதிமன்றம் தயாரிக்கும் பட்டியல் அது. கிராம அளவில் வேலை செய்யும், நேர்மையானவர் என்று பெயர் எடுத்த சமூக சேவகர்கள் அதில் இருப்பார்கள். வழக்கு வந்ததும் நியாயாதிகாரி முதலில் இரு தரப்பையும் சமாதானம் செய்யப் பார்க்க வேண்டும், அதற்கு இவர்களிடம் அனுப்பலாம். இவர்கள் பேசி முடித்து வைக்கலாம். ஆனால் தீர்ப்பில் இவர்களுக்கு ஓட்டு கிடையாது. பேசிப் பார்க்கும் ஆள் வேறு, முடிவெடுக்கும் ஆள் வேறு. இந்த ஒரு மாற்றம்தான் பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

200 ஆண்டுக்கு முன்னாடி இதே கேள்வி: மன்றோ கமிஷன்

இதே கேள்வி நம்ம ஊரில் முதல் தடவை எழுந்தது 1986-ல் இல்லை. 1814-ல்.

கிழக்கிந்திய கம்பெனி அப்போது வங்காளத்து மாதிரியில் நகரங்களில் நீதிமன்றங்களை வைத்திருந்தது. கிராமத்து ஆட்கள் நாள்கணக்கில் நடந்துபோய் வழக்கு நடத்த வேண்டிய நிலை. வழக்குகள் குவிந்து கிடந்தன. மதராஸ் மாகாணத்தின் நீதி முறையைச் சீர்திருத்த லண்டனில் இருந்து ஒரு சிறப்புக் கமிஷனை அனுப்பினார்கள். முதல் உறுப்பினர் தாமஸ் மன்றோ. இரண்டாவது உறுப்பினர் கம்பெனியின் சிவில் அதிகாரியான ஜார்ஜ் ஸ்ட்ராட்டன்.

மன்றோ யார்? சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தவர் என்பது நம் கதைக்கு முக்கியம். 1780-ல் சிப்பாய் வேலைக்கு வந்தவர். பிறகு பாரமகாலில், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம், 1792 முதல் 7 ஆண்டு வரி வசூல் அதிகாரியாக இருந்தார். அப்புறம் கன்னடக் கரையோரம், பிறகு இன்றைய ராயலசீமா. வயல் வயலாகப் போய் அளந்து வரி போட்ட மனிதர். ரயத்துவாரி முறையோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அவர் நீதிபதியாக வளர்ந்தவர் இல்லை. சிப்பாய், அதன் பிறகு வருவாய் அதிகாரி.

அதனால் அவர் கொடுத்த விடையும் வருவாய் அதிகாரியின் விடையாகவே இருந்தது. 1816-ல் வந்த ஒழுங்குமுறைச் சட்டங்கள் போலீஸ், மாஜிஸ்திரேட் அதிகாரத்தை நீதிபதியிடம் இருந்து எடுத்துக் கலெக்டரிடம் கொடுத்தன. கிராமத்தில் வரி வசூல் பார்த்துக்கொண்டிருந்த தலைவரையே கிராம முன்சீப் ஆக்கின. 10 ரூபாய் வரை உள்ள வழக்குகளை அவரே முடிக்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் பெரிய வழக்குகளுக்குப் பஞ்சாயத்தையும் கூட்டலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சுவாரஸ்யம் உண்டு. முன்சீப் என்பது அரபியில் இருந்து வந்த சொல். நியாயம் செய்பவர் என்று பொருள். ஆனால் நம் தாத்தா, பாட்டி பேச்சில் முன்சீப் என்றால் வரி கேட்டு வருகிறவர் என்ற அர்த்தம்தான் முன்னால் நிற்கும். சொல்லுக்குள் இருந்த நீதிபதி மெல்ல மறைந்து, வசூல்காரர் மட்டும் மிச்சமானார்.

அந்த நாளில் செஞ்சிப் பக்கத்து ஊர்கள் தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தன. மாகாணம் முழுக்க வந்த இந்த ஏற்பாடு அங்கேயும்தான் வந்தது. நம் அண்ணன்-தம்பி அப்போது இருந்திருந்தால், கிஸ்தி வாங்குகிற அதே ஆள் முன்னால் நின்று கிணற்றுக்கு நியாயம் கேட்டிருப்பார்கள். கிஸ்தி பாக்கி வைத்தவர் எந்தத் தைரியத்தில் பேசியிருப்பார்?

இதைவிட மோசமான ஒன்றும் அதில் இருந்தது. 1816-ம் ஆண்டின் 11-வது ஒழுங்குமுறைச் சட்டப்படி, சின்ன அடிதடி, திட்டு போன்ற குற்றங்களுக்கு ஊர்த் தலைவர் ஒருவரைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். ஆனால் குற்றம் செய்தவர் 'தாழ்ந்த சாதி' என்றால் தொழுமரத்தில் கால் மாட்டி 6 மணி நேரம் வரை நிறுத்தலாம். ஒரே தப்பு, இரண்டு தண்டனை. எழுதப்பட்ட சட்டத்திலேயே. ஊர் வழக்கத்தை மதிக்கிறோம் என்று சொல்லி, ஊரில் இருந்த சாதியையும் சேர்த்து கம்பெனி சட்டப் புத்தகத்தில் ஏற்றிவிட்டது.

பஞ்சாயத்து விசாரணையை மக்கள் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. முன்சீப் பதவி மட்டும் நிலைத்தது. 1888-ல் கிராம நீதிமன்றங்கள் சட்டம் என்று தனியாக ஒன்று வந்தது. 1895-ல் வந்த பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம், அப்பாவுக்குப் பிறகு பிள்ளை என்ற வழக்கத்துக்கு முத்திரை போட்டது. ஆக, நீதி சொல்லும் பதவிக்குத் தகுதி படிப்பு இல்லை, அனுபவம் இல்லை, பிறப்பு. தமிழ்நாட்டில் முன்சீப், கர்ணம் பதவிகளுக்கு முற்றுப்புள்ளி விழுந்தது 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர் ஆட்சியில். எதிர்த்துப் போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1982-ல் அரசின் முடிவு சரி என்றது. அதன் பிறகு வந்தவர்தான் நமக்குத் தெரிந்த விஏஓ. அவருக்குத் தீர்ப்பு சொல்லும் வேலை கிடையாது.

உத்திரமேரூர் இருக்கிறதே?

கட்டாயம் கமெண்ட்டில் யாராவது கேட்பீர்கள். அதையும் பார்த்துவிடலாம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர் ஆகத் தகுதிகளைப் பட்டியல் போடுகின்றன. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் படிப்பு. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் திரும்ப வர முடியாது, அவருடைய உறவினரும் வர முடியாது. கடைசி விதி இன்றைக்குக் கூட எத்தனையோ இடத்துக்குத் தேவை!

ஆனால் அது ஒரு பிராமண ஊரின் சபை. நிலம் இல்லாதவர், வேதம் படிக்க முடியாதவர், பெண்கள் யாருக்கும் அந்தக் குடத்தில் ஓலை விழவில்லை. பெருமைப்படலாம், தப்பில்லை. அதையே இன்றைய கிராம நீதிமன்றத்துக்கு மாதிரி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

சட்டம் படிக்காதவர் நீதிபதி பக்கத்தில் உட்காரலாமா?

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். சாமானியரை மேடையில் ஏற்றினால் கட்டப்பஞ்சாயத்து ஆகிவிடும் என்ற பயம் நியாயமானது. தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில், 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதம், அவற்றை ஈவிரக்கமின்றி ஒழிக்க வேண்டும் என்று சொன்னது. கலப்புத் திருமணம் செய்தவர்களை ஊரை விட்டு விலக்குவது, அபராதம் போடுவது, காலில் விழச் சொல்வது எல்லாம் நாம் செய்தியாகவே போட்டிருக்கிறோம். பிறகு எந்தத் தைரியத்தில் ஊர்க்காரரை நீதிபதி ஆக்குவது?

ஆனால் சட்டம் படிக்காதவர்கள் ஏற்கனவே நம் நீதி அமைப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பலருக்கு இது தெரியாது.

சிறார் நீதிக் குழுமத்தைப் பாருங்க. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மீதான வழக்குகளை விசாரிக்கும் அந்தக் குழுமத்தில் 3 ஆண்டு அனுபவம் உள்ள ஒரு மாஜிஸ்திரேட், கூடவே 2 சமூக சேவகர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலப் பணிகளில் 7 ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும், அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பான்மை முடிவுதான் செல்லும். அதாவது இரண்டு சமூக சேவகர்கள் ஒன்றாக நின்றால் மாஜிஸ்திரேட்டின் கருத்தையே மீறலாம். வானம் இடிந்து விழவில்லை.

இன்னும் கிராமத்துக்கு நெருக்கமான ஒரு உதாரணம், 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். அதன்படி மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். யார் யார் உறுப்பினர் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. தலைவர் மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் நியமிப்பவர். அந்த மாவட்டத்தில் வசிக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினரில் இருந்து 3 பேர். 2 சமூக சேவகர்கள். ஊரக வளர்ச்சியோடு தொடர்புள்ள அமைப்புகளில் இருந்து அதிகபட்சம் 3 பேர். கடன் தரும் நிதி நிறுவனங்களின் சார்பில் ஒருவர்.

கடைசி உறுப்பினரைக் கவனிச்சீங்களா? கொத்தடிமைத்தனம் பெரும்பாலும் ஒரு சின்ன முன்பணத்தில் தொடங்குகிறது. அரிசி ஆலையிலோ செங்கல் சூளையிலோ அட்வான்ஸ் வாங்கிய குடும்பம், மீண்டு வந்த மறுநாளே மறுபடி கடனுக்குப் போய் நிற்கக் கூடாது. அதனால்தான் வங்கித் தரப்பு ஆளுக்கும் அங்கே இடம். விழுப்புரம், திருவண்ணாமலை, செங்கல்பட்டு பக்கம் இருளர் குடும்பங்களின் நிலை தெரிந்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதிக்கப்படும் சமூகத்துக்கு 3 இடம் ஒதுக்கி, அதை அதிகாரியின் நல்ல மனசுக்கு விடாமல் சட்டத்திலேயே எழுதியவர்கள் யோசித்து எழுதியிருக்கிறார்கள். குழு கூடுகிறதா, கையெழுத்தோடு முடிகிறதா என்பது வேறு சண்டை.

லோக் அதாலத் அமர்வுகளிலும் நீதித்துறை அதிகாரியோடு வக்கீல், சமூக சேவகர் உட்காருவது வழக்கம்தான். அங்கே சமரசம் ஆனால்தான் தீர்வு.

வெளியே பார்த்தால், இங்கிலாந்தில் மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் சட்டம் படிக்காத தன்னார்வலர்கள். ஆசிரியர், கடைக்காரர், நர்ஸ் என்று யாரும் வரலாம், பயிற்சி தருவார்கள், பக்கத்தில் சட்ட ஆலோசகர் ஒருவர் இருப்பார். குற்ற வழக்குகள் அங்கேதான் தொடங்கும், பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும்.

நமக்கு நெருக்கமானது இலங்கை. அங்கே 1988-ம் ஆண்டின் 72-ம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. ஓய்வு பெற்ற அதிபர்கள் (நம்ம ஊர் மொழியில் தலைமை ஆசிரியர்கள்), ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் போன்றவர்கள் மத்தியஸ்தர்களாக இருக்கிறார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பக்கம் தமிழிலேயே விசாரணை. இவர்களை நியமிக்கவும் கண்காணிக்கவும் மேலே ஒரு ஆணைக்குழு. அதில் 5 பேர், குறைந்தது 3 பேர் உச்ச நீதிமன்றத்திலோ மேல்முறையீட்டு நீதிமன்றத்திலோ நீதிபதியாக இருந்தவர்கள். கீழே சாமானியர், மேலே அனுபவம் உள்ள நீதிபதிகளின் கண். தேசாய் நினைத்ததற்கும் நாடாளுமன்றம் செய்ததற்கும் நடுவில் இப்படி ஒரு வழியும் இருந்திருக்கிறது.

சரி, தமிழ்நாட்டில் எத்தனை கிராம நியாயாலயம்?

ஒன்றும் இல்லை. மத்திய சட்ட அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்துவரும் மாநிலவாரிப் பட்டியலில் கேரளாவுக்கு 30, மத்தியப் பிரதேசத்துக்கு 89, ராஜஸ்தானுக்கு 45 என்று இருக்கும். தமிழ்நாடு பட்டியலில் இருக்காது.

இதை அமைப்பது மாநில அரசின் விருப்பம் என்ற மாதிரிதான் சட்டத்தின் 3-வது பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கில மூலத்தில் 'அமைக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'அமைக்க வேண்டும்' என்று இல்லை. ஒரு வினைமுற்றில் எவ்வளவு விஷயம் தங்கியிருக்கு பாருங்க. இது தொடர்பான பொதுநல வழக்கில், 2020 தொடக்கத்தில் நீதிபதி என்.வி.ரமணா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, இன்னும் அமைக்காத மாநிலங்கள் 4 வாரத்தில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் நிலைமை பெரிதாக நகரவில்லை.

பணமும் ஒரு காரணம். ஒரு நியாயாலயம் தொடங்க மத்திய அரசு ஒருமுறை உதவியாக 18 லட்சம் ரூபாயும், முதல் 3 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயும் தருவதாகத் திட்டம். அதற்கு மேல் எல்லாம் மாநிலத்தின் தலையில். அமைத்த மாநிலங்களிலும் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று சொல்ல முடியாது. போலீஸார் வழக்குகளை அங்கே கொண்டுபோகத் தயங்குகிறார்கள், வக்கீல்கள் ஆர்வம் காட்டவில்லை, முத்திரைத்தாள் விற்பவர், நோட்டரி கூடப் பக்கத்தில் கிடைப்பதில்லை, வழக்கமான நீதிமன்றத்துக்கும் இதற்கும் அதிகாரம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது என்று மத்திய அரசே காரணம் சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டில் தாலுகா தோறும் நீதிமன்றம் இருக்கிறதே, தனியாக எதற்கு என்று ஒரு வாதம் உண்டு. செஞ்சியிலும் நீதிமன்றம் இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த நீதிமன்றம் தளவானூர் கிணற்று மேட்டுக்கு வராது. 100 ரூபாயில் முடியாது. 6 மாதக் கெடுவும் அதற்கு இல்லை. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் 'இருக்கிறதே' என்று மட்டும் சொல்வது போதாது. நாளைக்கே தமிழ்நாடு அறிவிப்பு வெளியிட்டாலும், தேசாய் கேட்ட அந்த இரண்டு நாற்காலிகளுக்கு மத்தியச் சட்டத்தில் இடமில்லை. மாநில அரசின் கை, சமரசம் செய்பவர்கள் பட்டியல் வரை போகும். அதற்கான தகுதியை உயர் நீதிமன்றம் நிர்ணயிக்கும். அந்தப் பட்டியலில் ஓய்வு பெற்ற ஆசிரியர், சுய உதவிக் குழு நடத்தும் பெண், நிலமில்லாத சமூகத்து ஆள் எல்லாரும் வருவார்களா, இல்லை ஊரில் ஏற்கனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களே வருவார்களா என்பதுதான் அப்போது கேட்க வேண்டிய கேள்வி.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

நம் அண்ணன்-தம்பிக்கு இன்றைக்கு இருக்கும் மலிவான வழி, தாலுகா சட்டப் பணிகள் குழு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வழக்குப் போடும் முன்பே அங்கே மனு கொடுத்து, எதிர்த் தரப்பை அழைத்துப் பேச வைக்கலாம், லோக் அதாலத்துக்கும் கொண்டுபோகலாம். கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்க்கணும். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். சட்ட உதவிக்கான தேசிய இலவச எண் 15100.

எதிர்த் தரப்பு வரவில்லை, ஒத்துவரவில்லை என்றால், அங்கே யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அப்புறம் பழைய வழிதான். செஞ்சி பஸ், வக்கீல், வாய்தா.